எச் முத்திரையும் 200 ரூபாயும்

2004 மே 13 அன்று மக்களவைத் தேர்தல் முடிவுகள் வெளிவந்தன. தமிழ்நாட்டின் 39 இடங்களையும் புதுச்சேரியின் ஓரிடத்தையும் திமுக அணி அள்ளிக்கொண்டது. ஆளுங்கட்சியான அதிமுகவுக்கு ஓரிடமும் கிட்டவில்லை. சில நாள்களுக்குள் முதலமைச்சர் ஜெயலலிதா அடுக்கடுக்காக அறிவிப்புகளை வெளியிட்டார். விவசாயிகளுக்கு மறுபடியும் இலவச மின்சாரம், அரசு ஊழியர்கள்மீது எடுக்கப்பட்ட நடவடிக்கைகள் ரத்து, மதமாற்றத் தடைச் சட்டம் வாபஸ் என்று நீண்ட அந்தப் பட்டியலில், குடும்ப அட்டைகளில் குத்தப்பட்டிருந்த ‘எச்’ முத்திரையை நீக்கும் அறிவிப்பும் இருந்தது. மாத வருமானம் 5,000 ரூபாய்க்கு மேல் உள்ளவர்கள் என்று கணிக்கப்பட்ட குடும்பங்களின் அட்டையில் குத்தப்பட்ட முத்திரை அது. அது விழுந்த அட்டைக்கு ரேஷன் கடையில் அரிசி கிடையாது. 2001-ல் பொறுப்பேற்றபோது மாநிலக் கஜானா காலியாக இருந்தது உண்மை. செலவைக் குறைக்க வேண்டிய கட்டாயமும் உண்மை. வசதி உள்ளவர்களுக்கு எதற்கு மலிவு அரிசி என்ற கேள்வியில் காகித அளவில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனாலும் அந்த நியாயம் ஒரு தேர்தலைக்கூடத் தாண்டவில்லை.

அந்தத் தோல்விக்கு எச் முத்திரை மட்டுமே காரணம் என்று சொன்னால் அது மிகை. 2003 ஜூலை வேலைநிறுத்தத்தின்போது ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் ஒரேயடியாக வேலைநீக்கம் செய்யப்பட்ட கோபம் இருந்தது. எதிரணியில் காங்கிரஸ், பாமக, மதிமுக, இடதுசாரிகள் எல்லாரும் ஒன்றுசேர்ந்த கூட்டணிக் கணக்கும் இருந்தது. ஆனால் இங்கே கவனிக்க வேண்டியது வேறு. அது மக்களவைத் தேர்தல். மாநில ஆட்சிக்கு அதனால் ஆபத்தில்லை. சட்டமன்றத் தேர்தலுக்கு இன்னும் இரண்டு ஆண்டுகள் இருந்தன. அப்படியிருந்தும், பணிந்து போகாதவர் என்று பெயர் எடுத்த ஒரு தலைவர் எதையெல்லாம் திரும்பப் பெற்றார் என்று பார்த்தால், எங்கே கை வைத்ததால் சுட்டது என்று அவரே கருதினார் என்பது தெரிகிறது. சமூகப் பாதுகாப்புத் திட்டங்களை நிபுணர் குழுக்கள் வடிவமைக்கலாம், நிதித்துறை அளந்து கொடுக்கலாம். அவற்றை உயிரோடு வைத்திருப்பது, பறிபோனால் கேட்பதற்கு எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதுதான்.

வாக்குரிமைக்கும் மறுபங்கீட்டுக்கும் உள்ள தொடர்பைப் பொருளியலாளர்கள் ஒரு காலத்தில் எளிய கணக்காகப் பார்த்தார்கள். 1981-ல் ஆலன் மெல்ட்சர், ஸ்காட் ரிச்சர்ட் இருவரும் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் சாரம் இதுதான்: சமூகத்தின் வருமான வரிசையில் நட்டநடுவில் நிற்பவரின் வருமானம் சராசரியைவிடக் குறைவு, எல்லாருக்கும் ஓட்டு இருந்தால் அந்த நடு ஆளின் விருப்பமே வெல்லும், எனவே பணக்காரரிடம் வரி வாங்கி மற்றவர்களுக்குப் பகிர்வதை ஜனநாயகம் தானாகவே அதிகரிக்கும். கேட்க அழகான தர்க்கம். நடைமுறை இதைப் பல இடங்களில் பொய்யாக்கியிருக்கிறது. வெளிநாடு வரை போக வேண்டாம். இந்தியாவின் எல்லா மாநிலங்களிலும் ஒரே அரசமைப்புச் சட்டம், ஒரே வாக்குரிமை, ஒரே தேர்தல் ஆணையம். ஆனாலும் 2004-05 கணக்குப்படி நாட்டின் ரேஷன் தானியத்தில் பாதிக்கும் மேல் வழியிலேயே காணாமல் போனது. பிகாரில் கிட்டத்தட்ட முழுதுமே போனது. அதே ஆண்டு தமிழ்நாட்டில் கசிவு பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. பிகாரில் ஏழைகள் குறைவா? அங்கே ஓட்டுப் போடாமல் இருந்தார்களா? ஓட்டு இருப்பது மட்டும் போதாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

வேறு என்ன வேண்டும் என்பதற்கு பிரதீப் சிப்பர், இர்ஃபான் நூருதீன் இருவரும் 2004-ல் வெளியிட்ட ஆய்வு ஒரு பதில் சொல்கிறது. இரண்டு பெரிய கட்சிகள் மோதும் மாநிலங்களில் வெற்றிக்குப் பாதி வாக்குகளை ஒட்டித் திரட்ட வேண்டும்; அதனால் பலதரப்பட்ட மக்களுக்கும் பயன்படும் பொதுச் சேவைகளில் அரசு செலவிடுகிறது. நான்கைந்து கட்சிகள் மோதும் மாநிலங்களில் முப்பது சதவீதம் இருந்தாலே கோட்டையைப் பிடித்துவிடலாம். அங்கே தன் சாதிக்கு, தன் தொகுதிக்கு மட்டும் பங்கு வைப்பது லாபகரமான அரசியலாகிறது. தமிழ்நாட்டில் திமுகவும் அதிமுகவும் ஒரே வேரிலிருந்து வந்து, ஒரே வாக்காளர்களுக்காக, சற்றேறக்குறைய ஒரே மொழியில் பேசிப் போட்டியிட்டவை. மேற்கு வங்கத்தோடு ஒப்பிட்டால் இது இன்னும் துலங்கும். 1977 முதல் 34 ஆண்டுகள், தொடர்ந்து ஏழு தேர்தல்களில் வென்று ஆண்ட இடதுசாரிக் கூட்டணிக்குக் கொள்கை அளவில் ஏழைகள்மீது அக்கறை குறைவு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் 2007-ல் பாங்குரா, பிர்பூம், பர்த்வான் மாவட்டங்களில் ரேஷன் டீலர்களின் கடைகளையும் வீடுகளையும் மக்கள் தாக்கும் அளவுக்கு அங்கே விநியோகம் சீரழிந்திருந்தது. தோற்போம் என்ற பயம் இல்லாத அரசுக்கு எடைக்கல்லைச் சரிபார்க்க அவசரம் இருப்பதில்லை. கொள்கைப் பிடிப்பைவிடத் தோல்விப் பயம் சில நேரங்களில் ஏழைக்குக் கூடுதலாக உதவுகிறது என்பது இடதுசாரிகளுக்கு உவப்பான முடிவல்ல. திராவிடக் கட்சிகளுக்கும் அப்படியொன்றும் பெருமையான முடிவல்ல.

அந்தப் பயத்தைத் தமிழக அரசியலில் விதைத்தது 1967 தேர்தல். அறுபதுகளின் நடுவில் வறட்சி, உணவுப் பஞ்சம், கடை வாசலில் நீண்ட வரிசைகள். ரூபாய்க்கு மூன்று படி அரிசி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்று திமுக மேடைதோறும் முழங்கியது. காமராஜரே தன் சொந்த ஊரான விருதுநகரில் ஒரு மாணவர் தலைவரிடம் தோற்றார். ஆட்சிக்கு வந்ததும் அண்ணாவின் அரசு சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி அரிசி போட்டது. நிதி இடம் தராததால் அதை மாநிலம் முழுக்க விரிக்க முடியவில்லை, நீட்டிக்கவும் முடியவில்லை. வாக்குறுதி பாதியில் நின்றது. ஆனால் அரிசி விலை ஆட்சியைத் தீர்மானிக்கும் என்ற பாடத்தை இரு தரப்பும் படித்துக்கொண்டன. 1972-ல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் உருவானது. நெல்லைக் கொள்முதல் செய்து, அரைத்து, சேமித்து, கடைக்கு அனுப்பும் வேலை அரசு நிறுவனத்தின் கையில் வந்தது. கடைகளில் பெரும்பாலானவற்றைக் கூட்டுறவுச் சங்கங்கள் நடத்தின. வடக்கே போல லைசென்ஸ் வாங்கிய தனியார் டீலர் அல்லாமல் சம்பளம் வாங்கும் ஊழியர் எடை போட்டதால், குறை இருந்தால் அரசையே நேரடியாகக் குற்றம் சாட்ட முடிந்தது. பொறுப்பு யாருடையது என்பதில் குழப்பமே இல்லாத அமைப்பு அது.

1997-ல் மத்திய அரசு ரேஷன் முறையை மாற்றியது. வறுமைக்கோட்டுக்குக் கீழே, மேலே என்று மக்களைப் பிரித்து, கீழே உள்ளவர்களுக்கு மட்டும் மலிவு விலை என்றது. பெரும்பாலான மாநிலங்கள் ஏற்றன. மேலே தள்ளப்பட்டவர்களுக்குச் சந்தை விலைக்கும் கடை விலைக்கும் வித்தியாசம் குறைந்துபோக, அவர்கள் கடைக்கு வருவதை நிறுத்தினார்கள். கூட்டம் குறைந்த கடை வாரத்தில் ஒருநாள், மாதத்தில் இருநாள் என்று திறந்தது. எஞ்சியவர்கள் கேள்வி கேட்கும் தெம்பில்லாதவர்கள். தமிழ்நாடு, எச் முத்திரை இருந்த இடைக்காலம் தவிர, இந்தப் பிரிவினையை ஏற்காமல், மத்தியத் தொகுப்பு தராத பங்கின் சுமையைத் தானே தாங்கிக்கொண்டது. அதனால் இங்கே பள்ளி ஆசிரியரும், பஞ்சாயத்துத் தலைவரும், கூலித் தொழிலாளியும் ஒரே கடையின் அட்டைதாரர்கள். அரிசியில் கல் இருந்தால், சர்க்கரை வரவில்லை என்றால், தாசில்தாருக்குப் புகார் எழுதத் தெரிந்தவரும் அந்த வரிசையில் நிற்கிறார். அவர் தனக்காகப் போடும் சத்தத்தால் அடுத்து நிற்பவருக்கும் சரியான எடை கிடைக்கிறது. ஸ்வீடனைச் சேர்ந்த வால்டர் கோர்பி, யோவாகிம் பால்மே ஆகியோர் 1998-ல் வளர்ந்த நாடுகளின் திட்டங்களை ஒப்பிட்டுச் சொன்னதும் ஏறக்குறைய இதே விஷயம்: ஏழைகளுக்கு மட்டும் என்று குறிவைக்கும் நாடுகளில் ஏற்றத்தாழ்வு குறைவாகவே குறைகிறது, எல்லாருக்கும் என்று கொடுக்கும் நாடுகளில் அதிகம் குறைகிறது, ஏனென்றால் முதல் வகையில் நிதியே சுருங்கிவிடுகிறது. இந்தத் தொடர்பு முன்பைப் போல வலுவாக இல்லை என்று பின்னால் வந்த ஆய்வுகள் சில சொல்கின்றன. எனவே இதை எங்கும் பொருந்தும் விதியாகக் கொள்ள வேண்டாம். ஆனால் குறிவைப்பதைத் திறம்படச் செய்யும் நிர்வாகம் இல்லாத இடத்தில் அதன் தர்க்கம் இன்னும் கூர்மையாகவே பொருந்துகிறது.

கார் வைத்திருப்பவருக்கும் இலவச அரிசியா என்ற ஆட்சேபத்தைக் கேட்காத தமிழர் இருக்க முடியாது. அதற்கு நிர்வாகம் சார்ந்த பதில் ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் அரிசி வேண்டாதவர்கள் சர்க்கரை அட்டை வாங்கலாம், எதுவும் வேண்டாதவர்கள் பொருளில்லா அட்டை வாங்கலாம்; அரிசி அட்டை வைத்திருந்தும் வாங்காதவர்கள் நிறையப் பேர். வரிசையில் நிற்கும் நேரமும் அரிசியின் தரமும் வசதியானவர்களைப் பெருமளவுக்கு விலக்கிவிடுகின்றன. சரி, விலகாத சிலருக்கும் போகிறது, அந்த அரிசி இட்லி மாவுக்கும் போகிறது, எல்லை தாண்டிக் கடத்தலுக்கும் போகிறது. இதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் மாற்று வழியின் விலை என்ன? மாதம் 5,000 ரூபாய் என்று கோடு போட்டால், அந்த வருமானத்தை அளப்பது யார்? மாதச் சம்பளக்காரரின் வருமானம் மட்டும்தான் காகிதத்தில் இருக்கிறது. கட்டடத் தொழிலாளிக்கு ஒரு மாதம் வேலை உண்டு, மறுமாதம் இல்லை. கடைசியில் கோட்டை வரைவது கிராம நிர்வாக அலுவலரின் மதிப்பீடும், அவருக்குத் தெரிந்தவர் தெரியாதவர் என்ற வேறுபாடும்தான். தகுதியற்றவர் உள்ளே வருவது அரசுக்குப் பண நஷ்டம். தகுதியுள்ளவர் வெளியே போவது ஒரு வீட்டில் அடுப்பெரியாத நாள். இரண்டையும் ஒரே தராசில் நிறுக்கும் பொருளாதாரம் எனக்குச் சம்மதமில்லை. இன்னொரு பயனையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்: ஏறத்தாழ எல்லாக் குடும்பங்களையும் உள்ளடக்கிய அட்டைப் பட்டியல் கையில் இருந்ததால், 2021-ல் கொரோனா நிவாரணமாக 4,000 ரூபாயையும், 2023 மிக்ஜாம் புயலுக்குப் பின் 6,000 ரூபாயையும் ரேஷன் கடை வழியாகவே கொடுக்க முடிந்தது.

போட்டி அரசியல் ஒரு திட்டத்தை எப்படிக் கூட்டிக்கொண்டே போகிறது என்பதற்குச் சத்துணவைவிட நல்ல சான்று இல்லை. 1920-ல் நீதிக் கட்சியின் தியாகராயர் தலைமையிலான சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு போட்டது, அது நிலைக்கவில்லை. 1956-ல் காமராஜர் தொடங்கியது நிலைத்தது. 1982 ஜூலை 1-ல் எம்.ஜி.ஆர். அதைப் பிரம்மாண்டமாக விரித்தபோது, வீண் கவர்ச்சி, நிதி தாங்காது என்று பொருளியல் அறிந்தவர்கள் பலர் கண்டித்தார்கள். 1989-ல் ஆட்சிக்கு வந்த கருணாநிதி நினைத்திருந்தால் எதிரியின் பெயரோடு ஒட்டிய அந்தத் திட்டத்தை மெல்லச் சாகவிட்டிருக்கலாம். அவர் முட்டை சேர்த்தார். முதலில் பதினைந்து நாளைக்கு ஒன்று. 2010-க்குள் வாரத்துக்கு ஐந்து. இடையில் வந்த அதிமுக ஆட்சிகளும் குறைக்கவில்லை. 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம் நாடெங்கும் பள்ளிகளில் சமைத்த உணவு தர வேண்டும் என்று உத்தரவிட்டபோது, அது சாத்தியம் என்று காட்ட இருபது ஆண்டு அனுபவம் இங்கே இருந்தது. 2022 செப்டம்பரில் காலை உணவும் சேர்ந்தது. ஒருவர் தொடங்கியதை மற்றவர் அழித்தால் பழி, கூட்டினால் பெயர் என்ற நிலை வந்துவிட்டால், பொறாமைகூடப் பொதுநலமாக மாறுகிறது. சத்துணவுக் கூடங்களில் வேலைக்கு அமர்ந்த பெண்களும் (அவர்களில் கைம்பெண்களும் ஆதரவற்றவர்களும் கணிசம்) திட்டத்துக்கு உள்ளிருந்தே ஒரு காவல் படையானார்கள் என்பதைக் கட்டுரைகள் அதிகம் சொல்வதில்லை.

இதெல்லாம் ஓட்டுக்கு லஞ்சம் என்பவர்களுக்கு 2006-ன் இலவச வண்ணத் தொலைக்காட்சி எப்போதும் கையில் இருக்கும் ஆயுதம். அந்தத் தொலைக்காட்சியை ஆதரித்து நான் வாதாடப் போவதில்லை. அந்தப் பணத்துக்கு எத்தனையோ ஆரம்ப சுகாதார நிலையங்களைச் சீர்செய்திருக்கலாம். 2011-ன் கிரைண்டரையும் மிக்ஸியையும் அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். பெண்ணின் உழைப்பு நேரத்தைக் குறைக்கும் பொருள் வேறு கணக்கு. 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம், தேர்தல் அறிக்கையில் இப்படி வாக்குறுதி தருவது சட்டப்படி ஊழல் நடவடிக்கை ஆகாது என்று தீர்ப்பளித்தது; தேர்தல் ஆணையத்தை நெறிமுறைகள் வகுக்கவும் சொன்னது. சட்டம் கிடக்கட்டும். லஞ்சம் என்றால் வாங்கியவர் திருப்பிச் செய்ய வேண்டும். தொலைக்காட்சியும் ஒரு ரூபாய் அரிசியும் கலைஞர் காப்பீட்டுத் திட்டமும் கொடுத்த திமுக 2011-ல் எதிர்க்கட்சி வரிசையைக்கூட தேமுதிகவிடம் இழந்தது. கொடுத்ததற்கு நன்றியாக வாக்கு விழுவதில்லை. கொடுத்தது உரிமையாகிவிட, அடுத்தது என்ன, மின்வெட்டு ஏன், ஊழல் ஏன் என்று வாக்காளர் நகர்ந்துவிடுகிறார். இதை எதிர்த்துப் பேசுபவர்களும் இந்தக் கணக்கிலிருந்து தப்புவதில்லை. 2022 ஜூலையில் இலவசங்களை மிட்டாய் வினியோகம் என்று சாடிய பிரதமர் மோடி, 2023 நவம்பரில் சத்தீஸ்கரின் துர்க் நகரில் தேர்தல் மேடையில் நின்றுதான் 80 கோடிப் பேருக்கான இலவச ரேஷனை மேலும் ஐந்து ஆண்டுகளுக்கு நீட்டிப்பதாக அறிவித்தார். அவரைக் குறை சொல்ல இதைக் குறிப்பிடவில்லை. அந்த அறிவிப்பு சரியானதே. மேடையின் அழுத்தம்தான் அதைச் சரியாக்கியது.

இதுவரை சொன்னது கொடுக்கும் பாதி. மறுபங்கீடு என்றால் எடுக்கும் பாதியும் உண்டு. அங்கே ஜனநாயகம் வாய்மூடி நிற்கிறது. விவசாய வருமானம் தவிர மற்ற வருமானத்துக்கு மாநில அரசால் வரி போட முடியாது; அது ஒன்றிய அரசின் கையில். 2017-ல் ஜிஎஸ்டி வந்த பிறகு விற்பனை வரியின் பெரும்பகுதியும் போய்விட்டது. மாநிலம் தன் விருப்பப்படி கூட்டக்கூடியதாக எஞ்சியவற்றில் முக்கியமானவை பெட்ரோல், டீசல், பத்திரப் பதிவு, வாகனம், மது. டாஸ்மாக் வழியாக வரும் வருவாய் மட்டும் ஆண்டுக்கு 40,000 கோடி ரூபாய்க்கு மேல். மகளிர் உரிமைத் தொகைக்கு 2024-25-ல் ஒதுக்கியது 13,720 கோடி. அதே ஆண்டு காலை உணவுக்கு 600 கோடி. மதுவிலக்கு தளர்ந்தது 1981-ல், சத்துணவு விரிந்தது 1982-ல் என்ற தேதிகளையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். கணவன் குடிக்கும் காசு கஜானா சுற்றி மனைவியின் கணக்குக்கு வருகிறது என்றால், அதில் பணக்காரர் பங்கு எவ்வளவு? ஏழைகளுக்குள்ளேயே, ஆணிடமிருந்து பெண்ணுக்கும் குழந்தைக்கும் நடக்கும் மாற்றம் இது. பயனற்றது என்று சொல்ல மாட்டேன். ஆனால் மெல்ட்சரும் ரிச்சர்டும் எதிர்பார்த்த மறுபங்கீடு இதுவல்ல. கொடுப்பதை மேடையில் பேசுகிறார்கள், எடுப்பதைத் தேர்தல் முடிந்த பிறகு முடிவு செய்கிறார்கள். கம்பெனிகளுக்கான அடிப்படை வரி விகிதம் 30-லிருந்து 22 சதவீதமாகக் குறைந்தது 2019 செப்டம்பரில். அந்த ஆண்டு மே மாதம் வரை நடந்த பிரச்சாரத்தில் அதைப் பற்றி யாரும் வாக்காளரிடம் கேட்கவில்லை. மரணத்துக்குப் பின் சொத்துக்குப் போடும் வரி 1985-ல் நீங்கியது. 2024 தேர்தலின்போது அதைப் பற்றி ஒருவர் வாய்திறந்ததும், அவருடைய கட்சியான காங்கிரஸே அது தன் கருத்தல்ல என்று ஓடி ஒளிந்தது.

எடுக்கத் தயங்கினால் கடன் வாங்க வேண்டியிருக்கும். தமிழ்நாட்டின் கடன் 8 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியதை நலத்திட்டங்களின் தலையில் மட்டும் கட்டுவது சரியல்ல. மின்வாரிய நஷ்டமும், சம்பளமும் ஓய்வூதியமும் வட்டியும் அதில் பெரும்பங்கு. ஆனால் வரியைப் பேசாமல் செலவை மட்டும் பேசும் போட்டி, நாளைய வாக்காளரின் மீது இன்றைய பில்லை வைக்கிறது என்ற ஆட்சேபத்துக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. நிலத்திலும் இதே கதை. மேற்கு வங்கம் ரேஷனில் தோற்றது, ஆனால் 1978-ல் தொடங்கிய ஆபரேஷன் பர்கா மூலம் குத்தகை விவசாயிகளைப் பதிவு செய்து அவர்களுக்குப் பாதுகாப்புக் கொடுத்தது. தமிழ்நாட்டில் 1961-ல் 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் என்றும் 1970-ல் 15 என்றும் உச்சவரம்பு வந்தது. சட்டத்தின் கடுமையில் பாதிகூட நிலத்தில் தெரியவில்லை. 2006-ல் தொலைக்காட்சியோடு சேர்த்து வாக்குறுதி தந்த இரண்டு ஏக்கர் நிலம், தொலைக்காட்சி போன வேகத்தில் எல்லா வீட்டுக்கும் போகவில்லை. காரணம் வெளிப்படை. அரிசி கொடுத்தால் யாரிடமிருந்து எடுத்தோம் என்று யாருக்கும் தெரியாது. நிலம் எடுத்தால் இழப்பவருக்குப் பெயர் உண்டு, ஊரில் செல்வாக்கு உண்டு, பெரும்பாலும் இரண்டு கட்சிகளிலும் உறவினர் உண்டு.

வாக்கின் சத்தம் எட்டாத ஆட்களும் இருக்கிறார்கள். திருப்பூரிலும் சென்னையின் கட்டட வேலைகளிலும் உழைக்கும் பிகார், ஒடிசா தொழிலாளிக்கு இங்கே ஓட்டு இல்லை. சொந்த ஊரில் ஓட்டு இருந்தும் வாக்குப்பதிவு நாளில் அங்கே இருப்பதில்லை. 2021-ன் 4,000 ரூபாய் இந்த மாநிலத்தின் அரிசி அட்டைக்குத்தான். மறுவாழ்வு முகாம்களில் தலைமுறைகளாக வாழும் இலங்கைத் தமிழருக்கு மாத உதவித்தொகை உண்டு, வாக்கு இல்லை. அந்தத் தொகை கூடுவது ஆள்பவர்களின் மனம் கனியும்போது. ஆனால் என்னை மிகவும் உறுத்துவது வாக்கு இருந்தும் குரல் இல்லாதவர்களின் நிலைதான். தமிழ்நாடு 1962-லேயே முதியோர் உதவித்தொகையைத் தொடங்கிய மாநிலம். இன்று பல்வேறு சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியங்களில் 30 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இருக்கிறார்கள். தொகை 2011-ல் 1,000, அடுத்த உயர்வு 2023-ல், 1,200. பன்னிரண்டு ஆண்டுகளில் 200 ரூபாய். ஒன்றிய அரசின் பங்கு இன்னும் மோசம்: 2007-ல் இந்திரா காந்தியின் பெயரோடு விரிவாக்கப்பட்ட திட்டத்தில் 80 வயதுக்கு உட்பட்டவருக்கு மாதம் 200 ரூபாய் என்று நின்றது, மன்மோகன் சிங் காலத்திலும் மோடி காலத்திலும் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக நின்றபடியே இருந்தது. விலைவாசி தின்றதுபோக அதன் மதிப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு.

ஏன் இப்படி? இந்தப் பணம் வறியவர், ஆதரவற்றவர் என்று நிரூபித்தவருக்கு மட்டும். பெயர் நீக்கப்பட்டால் ஒரு மூதாட்டி தனியாகத் தாலுகா ஆபீஸ் படியேறுகிறார். கிராமத்தில் பாதிப் பேர் ஒரே நாளில் இழந்தால் மறியல் நடக்கும். மாதம் ஒருவர் இழந்தால் மனு மட்டும்தான். ஒன்றிய அரசின் 200 ரூபாய் மாநிலத் தொகையோடு கலந்து வருவதால் யாரைக் கேட்பது என்றும் புரிவதில்லை. எதிரே அரசு ஊழியர்களைப் பாருங்கள். எண்ணிக்கையில் சிறுபான்மையான அவர்களின் பழைய ஓய்வூதியக் கோரிக்கை 2022-ல் ராஜஸ்தானை அசைத்தது, அதே ஆண்டு இமாச்சலத்தில் தேர்தலின் மையப் பிரச்சினையானது. அவர்களின் கோரிக்கை நியாயமா இல்லையா என்பது தனி விவாதம். அவர்களுக்குச் சங்கம் இருக்கிறது, மாவட்டத்துக்கு ஓர் அலுவலகம் இருக்கிறது, வேலைநிறுத்தம் இருக்கிறது. திண்ணையில் இருக்கும் முதியவர் எதை நிறுத்துவார்?

மகளிர் உரிமைத் தொகையின் கதை இந்த வேறுபாட்டை அளந்து காட்டுகிறது. குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று 2021-ல் சொன்ன வாக்குறுதி, 2023 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தபோது ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள், மின்சாரம் 3,600 யூனிட்டுக்குள் என்று நிபந்தனைகளோடு வந்தது. எச் முத்திரையின் தர்க்கமே வேறு உடையில் வந்ததாகச் சொல்லலாம். விண்ணப்பித்தவர்கள் 1.63 கோடி; முதலில் தேர்வானவர்கள் 1.06 கோடி. ஆனால் விடுபட்ட ஐம்பது லட்சத்துச் சொச்சம் பெண்கள் ஊர் ஓரத்தில் தனித்தனியாக இல்லை. பணம் வாங்குபவரின் அடுத்த வீட்டிலேயே இருந்தார்கள். ஓட்டுக் கேட்டு வருபவரிடம் அவளுக்கு உண்டு, எனக்கு ஏன் இல்லை என்று நேருக்கு நேர் கேட்டார்கள். விளைவு, மேல்முறையீட்டில் லட்சக்கணக்கானோர் சேர்ந்தார்கள்; 2025 ஜூலையில் முகாம்கள் போட்டுப் புதிய விண்ணப்பம் வாங்கி, அடுத்த சட்டமன்றத் தேர்தலுக்குச் சில மாதங்கள் இருக்கையில் இரண்டாம் கட்டமும் வந்தது.

முதியவருக்கு அப்படியொரு கூட்டம் சேரப் போவதில்லை என்றால், கூட்டம் தேவைப்படாத விதி ஒன்று வேண்டும். அமெரிக்காவில் 1972 வரை முதியோர் ஓய்வூதியத்தை உயர்த்த ஒவ்வொரு முறையும் நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட வேண்டியிருந்தது. அந்த ஆண்டு இயற்றிய சட்டத்தால் 1975 முதல் விலைவாசிக் குறியீட்டோடு அது தானாகவே உயர்கிறது. நம் அரசு ஊழியரின் அகவிலைப்படியும் ஆண்டுக்கு இருமுறை விலைவாசிக் குறியீட்டை ஒட்டித்தான் கூடுகிறது, எனவே எப்படிச் செய்வது என்று நிதித்துறைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அரசாணையில் ஒரு பத்தி போதும். தடை பணத்தில் மட்டும் இல்லை. தானாக உயரும் தொகையை எந்த முதலமைச்சரும் மேடையேறி அறிவிக்க முடியாது. இனிமேல் அறிவிக்கவே வாய்ப்பில்லாத ஓர் உயர்வுக்கு எந்தக் கட்சி முதலில் கையெழுத்துப் போடும் என்பதைத் தேர்தல் அறிக்கைகளில் தேடிப் பார்க்கலாம்.